அலாஸ்கா குரூஸ்: திமிங்கிலம், கரடி, பனியாறு – எந்த டூரை எங்கே, எப்போது போடுவது?

அலாஸ்கா குரூஸுக்கு முன்பதிவு செய்துவிட்டு டூர் பட்டியலைத் திறந்தால் தலை சுற்றும். ஒவ்வொரு துறைமுகத்துக்கும் பக்கம் பக்கமாக டூர்கள் இருக்கும். ஹெலிகாப்டர், படகு, கடல் விமானம், நாய் வண்டி என்று எல்லாப் படங்களும் அழகு, எல்லாமே விலை அதிகம். முதல்முறை போகிறவர்கள் பெரும்பாலும் படத்தைப் பார்த்து, அல்லது கையிருப்பைப் பார்த்துத் தேர்ந்தெடுக்கிறார்கள். அதைவிட இந்த வரிசையில் யோசித்தால் குழப்பம் தீரும்: முதலில் பனியாறு, அடுத்து மாதம், அப்புறம் துறைமுகம். பணக் கணக்கு அதற்குப் பிறகுதான்.

படி 1: கப்பல் எந்தப் பனியாற்றுக்குப் போகிறது என்று பாருங்கள்

வழக்கமான ஏழு நாள் பயணத்தில் ஒரு நாள், அல்லது ஒரு நாளின் பாதி, கப்பல் எந்த ஊரிலும் நிற்காமல் பனியாற்றின் எதிரே போய் நிற்கும். பயணக் கட்டணத்திலேயே இது அடக்கம். அதனால் டூர்களுக்கு முன்னால், கப்பலைத் தேர்ந்தெடுக்கும்போதே இதைப் பார்த்துவிட வேண்டும்.

கிளேசியர் பே தேசியப் பூங்காவுக்குள் ஒரு நாளைக்கு அதிகபட்சம் இரண்டு பெரிய குரூஸ் கப்பல்களுக்குத்தான் அனுமதி. எல்லா நிறுவனங்களுக்கும் அது கிடைப்பதில்லை. 1794-இல் ஆங்கிலேயக் கடற்பயணி ஜார்ஜ் வான்கூவரின் ஆட்கள் இந்தப் பக்கம் வந்தபோது வளைகுடாவே இல்லை, வாய்ப்பகுதிவரை பனி அடைத்துக்கொண்டிருந்தது. இன்று பனியைப் பார்க்க அந்த வாயிலிருந்து சுமார் நூறு கிலோமீட்டர் உள்ளே போக வேண்டும். பூங்காவின் ரேஞ்சர்கள் கப்பலில் ஏறி, ஒலிபெருக்கியில் ஒவ்வொன்றாக விளக்கிக்கொண்டே வருவார்கள். முதல்முறை போகிறவர்களுக்கு என் தேர்வு இதுதான்.

ஹப்பர்டு பனியாறு இன்னும் பிரம்மாண்டம். அதன் முகப்பு சுமார் பத்து கிலோமீட்டர் அகலம். அலாஸ்காவின் பெரும்பாலான பனியாறுகள் பின்வாங்கிக்கொண்டிருக்க, இது முன்னேறிக்கொண்டிருக்கிறது. 1986-இலும் 2002-இலும் பக்கத்து ஃபியோர்டின் (செங்குத்தான மலைகளுக்கு நடுவே நீளும் கடற்கிளை) வாயையே கொஞ்ச காலம் அடைத்துவிட்டது. மூன்றாவது வகை, அலாஸ்காவின் தலைநகரான ஜூனோவுக்குத் தெற்கே உள்ள குறுகலான ஃபியோர்டுகள். முன்பு டிரேசி ஆர்ம் பிரபலம். 2025 ஆகஸ்டில் அங்கே பெரிய நிலச்சரிவும் அதனால் சுனாமி அலையும் ஏற்பட்டன. அதன்பின் பல கப்பல்கள் பக்கத்திலுள்ள எண்டிகாட் ஆர்முக்கு மாறிவிட்டன. பழைய பயணக் குறிப்புகளை நம்பாமல், உங்கள் கப்பலின் அட்டவணையில் என்ன பெயர் இருக்கிறது என்று பாருங்கள்.

பனியாற்று நாளில் எந்தப் பக்கத்து கேபின் நல்லது என்று மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். உதாரணமாக, கிளேசியர் பேயிலுள்ள மார்ஜரி பனியாற்றின் முன்னால் கப்பல் மெதுவாகத் திரும்பி இரண்டு பக்கத்துக்கும் காட்டும். மேல்தளத்தில் ஓர் இடம் பிடித்து நில்லுங்கள். முகப்பிலிருந்து ஒரு பனித்துண்டு சரியும்போது முதலில் சத்தமே கேட்காது. வெள்ளைத் தூள் கொட்டுவதுபோல் தெரியும், தண்ணீர் எழும்பும், அதற்கப்புறம்தான் இடி வந்து சேரும். ஒரு கிலோமீட்டர் தள்ளி நின்றால் மூன்று விநாடி தாமதம். சத்தம் கேட்டபின் கேமராவைத் தூக்கினால் எல்லாம் முடிந்திருக்கும். எந்த இடத்தில் சின்னச் சின்னதாக உதிர்ந்துகொண்டே இருக்கிறதோ, அங்கேயே கண்ணை வைத்திருங்கள்.

படி 2: உங்கள் மாதத்தில் எந்த விலங்கு இருக்கும்?

ஹம்ப்பேக் திமிங்கிலங்கள் குளிர்காலத்தை ஹவாய்ப் பக்கம் கழித்துவிட்டு, கோடையில் இரை தேடி இங்கே வருகின்றன. மே முதல் செப்டம்பர்வரை எந்தக் கப்பலில் போனாலும் பார்க்க நல்ல வாய்ப்பு உண்டு. கரடி அப்படியல்ல. சால்மன் மீன் ஆற்றில் ஏறும்போதுதான் கரடிகள் கரைக்கு வந்து நிற்கும். ஜூலை பிற்பாதியிலிருந்து செப்டம்பர் தொடக்கம்வரை அதற்கான காலம். மே மாதப் பயணத்தில் விலை உயர்ந்த கரடி டூர் போடுவது சரியான முடிவல்ல. அந்தப் பணத்தைப் பனியாற்றுக்கோ திமிங்கிலத்துக்கோ செலவிடுங்கள்.

மே, ஜூனில் மழை ஒப்பீட்டளவில் குறைவு. ஜூனில் பனிக்கட்டிகள் மேல் சீல்கள் குட்டியோடு படுத்திருக்கும். அவற்றுக்குத் தொந்தரவு கூடாதென்றுதான் கிளேசியர் பேயின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் கிளைக்குள் மே முதல் ஆகஸ்ட்வரை குரூஸ் கப்பல்களை விடுவதில்லை. செப்டம்பரில் மழை கூடும்.

படி 3: ஒரு துறைமுகத்துக்கு ஒரே ஒரு பெரிய டூர்

ஜூனோ: திமிங்கிலத்துக்குப் பணம் செலவழிக்க வேண்டிய இடம் இதுதான். படகுகள் ஆக் பே என்ற இடத்திலிருந்து கிளம்பும். கப்பல் நிற்கும் இடத்திலிருந்து பஸ்ஸில் அரை மணி நேரத்துக்குள் போய்விடலாம். கூடியவரை சின்னப் படகாகப் பாருங்கள், வேடிக்கை பார்க்க முண்டியடிக்க வேண்டியிருக்காது. படகில் ஏறியதும் திமிங்கிலத்தைத் தேடாதீர்கள், மூச்சுக்காற்றைத் தேடுங்கள். தொலைவில் தண்ணீர்மட்டத்தில் ஒரு வெள்ளைப் புகை எழுந்து கலையும். முதுகு பல தடவை தெரிந்து, கடைசியில் வால் முழுதாக மேலே வந்தால் ஆழமாக முங்கிவிட்டது என்று அர்த்தம். இனி சில நிமிடம் காத்திருக்க வேண்டும். அதிர்ஷ்டம் இருந்தால் பல திமிங்கிலங்கள் சேர்ந்து குமிழி வளையம் விட்டு, மீன்கூட்டத்தை அதற்குள் மடக்கி, ஒரே நேரத்தில் வாயைத் திறந்தபடி மேலே பாய்வதைப் பார்க்கலாம். ஹம்ப்பேக்கைப் படகு நூறு கஜத்துக்குள் நெருங்கக் கூடாது என்பது சட்டம். இன்னும் பக்கத்தில் போங்கள் என்று படகோட்டியை நச்சரிக்க வேண்டாம்.

ஜூனோவிலேயே மெண்டன்ஹால் பனியாறும் இருக்கிறது. ஊரிலிருந்து சுமார் இருபது கிலோமீட்டர். பார்வையாளர் மையத்திலிருந்து நகெட் அருவிவரை சமதளப் பாதை, போய்வர மூன்று கிலோமீட்டர் போல. அங்கே வரும் டூர் வண்டிகளுக்கு அனுமதி எண்ணிக்கை குறைவு, இடங்கள் சீக்கிரம் தீர்ந்துவிடும். எனவே திமிங்கிலமும் மெண்டன்ஹாலும் சேர்ந்த கூட்டு டூரை முன்கூட்டியே எடுப்பது புத்திசாலித்தனம். நகரப் பேருந்தில் போனால் கடைசி இரண்டரைக் கிலோமீட்டர் நடக்க வேண்டியிருக்கும்.

ஐஸி ஸ்ட்ரெயிட் பாயிண்ட்: டிலிங்கிட் என்ற பூர்வகுடி மக்களின் ஊரான ஹூனாவின் பக்கம். இதுவும் திமிங்கிலத்துக்கு அருமையான இடம். உங்கள் பயணத்தில் இதுவும் ஜூனோவும் இருந்தால், திமிங்கிலத்தை இங்கே வைத்துவிட்டு ஜூனோவில் பனியாற்றுக்குப் போங்கள்.

கெச்சிகன்: சால்மன் காலத்தில் கரடிக்கு. ஹெரிங் கோவ் பக்கம் சாலை வழியாகப் போகும் டூர்கள் உண்டு. கடல் விமானத்தில் போகும் டூர்கள் விலை பல மடங்கு. ஆண்டுக்கு 3,500 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்யும் ஊர், நனைவோம் என்றே கிளம்புங்கள்.

ஸ்காக்வேயில் விலங்குகளை விட்டுவிட்டு ஒயிட் பாஸ் மலை ரயிலில் ஏறலாம். சிட்காவில் இறங்கினால் கடல்நீர்நாய் பார்க்கும் படகு.

படி 4: மணிக்கணக்குப் போடுங்கள்

ஒரு உதாரணம். கப்பல் ஜூனோவில் மதியம் 12 மணிக்கு வந்து இரவு 9 மணிக்குக் கிளம்புகிறது என்று வைத்துக்கொள்வோம். எல்லோரும் ஏறியிருக்க வேண்டிய நேரம் பெரும்பாலும் அரை மணி முன்னதாக, அதாவது 8.30. இறங்கி வர முக்கால் மணி விட்டுவிடுங்கள். 1 மணிக்குத் திமிங்கில டூர் என்றால் பஸ், படகு எல்லாம் முடிந்து திரும்ப மாலை 5 மணி ஆகிவிடும். அப்புறம் மெண்டன்ஹால் போய் அருவிவரை நடந்து 7.30-க்குத் திரும்பலாம். ஜூனில் அங்கே இரவு பத்து மணி வரைகூட வெளிச்சம் இருக்கும். இதே கப்பல் காலை 7-க்கு வந்து மதியம் 1.30-க்குக் கிளம்பினால், இரண்டில் ஒன்றுதான். அதை ஒத்துக்கொள்வது நல்லது.

படி 5: கப்பல் மூலமா, நேரடியா?

கப்பல் நிறுவனம் விற்கும் டூர் தாமதமானால் கப்பல் காத்திருக்கும். வெளியே நேரடியாக எடுத்தது தாமதமானால் காத்திருக்காது. ஆனால் நேரடியாக எடுக்கும்போது படகு சின்னதாக இருக்கும், பல சமயம் விலையும் குறையும். திமிங்கிலப் படகை வெளியே எடுக்கலாம், குரூஸ் நேரத்தைப் பார்த்துத்தான் அவர்களும் ஓட்டுகிறார்கள். கடல் விமானம், ஹெலிகாப்டர், நெடுந்தொலைவு டூர்களைக் கப்பல் மூலமே எடுங்கள். இவை மேகத்தாலும் மூடுபனியாலும் அடிக்கடி ரத்தாகும். ரத்தானால் பணம் முழுதாகத் திரும்புமா என்று பதிவுக்கு முன்பே படித்துவிடுங்கள். அந்த நாளுக்கு நடைபாதை போன்ற ஒரு மாற்றுத் திட்டமும் கையில் இருக்கட்டும்.

படி 6: விசா

இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர்கள் கட்டாயம் கவனிக்க வேண்டியது. சியாட்டிலில் ஏறி சியாட்டிலிலேயே இறங்கும் கப்பலும் சட்டப்படி வெளிநாட்டுத் துறைமுகம் ஒன்றைத் தொட வேண்டும் என்பதால் வழியில் பெரும்பாலும் கனடாவின் விக்டோரியாவில் நிற்கும். வான்கூவரில் ஏறினால் சொல்லவே வேண்டாம். ஆகவே அமெரிக்க விசாவோடு கனடா விசாவும் வேண்டும், திரும்பி நுழைய உங்கள் அமெரிக்க விசா இடம் தருகிறதா என்பதையும் பாருங்கள். கிரீன் கார்டு உள்ளவர்களுக்குக் கனடா விசா தேவையில்லை, கார்டையும் பாஸ்போர்ட்டையும் கையோடு எடுத்துப் போனால் போதும்.

படி 7: பையில் என்ன?

ஒரே கனமான ஸ்வெட்டரைவிட, ஒன்றன்மேல் ஒன்றாகப் போடும் மெல்லிய உடைகள் வசதி. மேலே தண்ணீர் புகாத ஜாக்கெட். குடை வேண்டாம், காற்றில் நிற்காது. கோடையிலும் பனியாற்றின் முன்னால் கையுறையும் தொப்பியும் தேவைப்படும். ஆளுக்கொரு பைனாகுலர் எடுங்கள். 8x42 அளவு (எட்டு மடங்கு பெரிதாக்குவது) போதும், அதற்குமேல் பெரிதாக்கினால் ஆடும் தளத்தில் காட்சியும் ஆடும். குளிரில் போன் பேட்டரி சீக்கிரம் இறங்கும் என்பதால் அதை உள்பையில் வையுங்கள். கடல் ஒத்துக்கொள்ளாதவர்கள் மாத்திரையைப் படகு கிளம்புவதற்கு ஒரு மணி நேரம் முன்பே போட்டுக்கொள்ளுங்கள், குமட்டல் தொடங்கியபின் போட்டால் பெரிதாகப் பலன் இருக்காது.