"எவ்வளவு குடிப்பீங்க?" என்று கேட்பதை நிறுத்தினேன்

குடிநோய் ஆலோசனையில் வெட்கம் முதலில் கெடுப்பது அளவுக் கணக்கை. மனைவியும் அம்மாவும் பக்கத்தில் இருக்கும்போது கேட்டால், "ஒரு கட்டிங்தான் சார்" என்றே பதில் வரும். கட்டிங் 90 மில்லி. உள்ளே போவதோ இரண்டு குவார்ட்டர், 360 மில்லி. 30 மில்லி ஒரு யூனிட் என்றால் 3 எங்கே, 12 எங்கே! அந்த 3-ஐ நம்பி, குடியை நிறுத்தும்போது தரும் மருந்தை டாக்டர் குறைத்தால், குடியை நிறுத்திய 48 மணி நேரத்துக்குள் வலிப்பு வரலாம். 48 முதல் 72 மணிக்குள் நினைவு குழம்பிப் பிதற்றலும் வரலாம்.

இப்போது குடும்பத்தை 15 நிமிடம் வெளியே உட்கார வைத்துவிட்டு, கேள்வியை மேலிருந்து தொடங்குகிறேன்: "ஒரு நாளைக்கு ஒரு ஃபுல் போகுமா?" "ஐயோ, அவ்வளவு இல்ல சார், ஹாஃப்தான்." ஹாஃப் என்றால் 375. அவர் மானமும் மிச்சம், நமக்கு எண்ணும் கிடைத்தது. பிறகுதான் மற்றவை: முதல் கிளாஸ் எத்தனை மணிக்கு, காலையில் கை நடுங்குமா, முன்பு நிறுத்தியபோது வலிப்பு வந்ததா.

"பிள்ளைங்க முகத்தைப் பார்த்தாவது..." என்ற வசனத்தையும் விட்டாயிற்று. அதைக் கேட்டுப் போனவர் சறுக்கி மறுபடி குடித்துவிட்டால் திரும்பி வரக் கூசுவார். "சறுக்கினா மறுநாளே போன் பண்ணுங்க" என்று முதல் நாளே சொல்லிவிடுவது நல்லது. போன் வந்தால் ஏன் என்று கேட்பதில்லை. எங்கே, யாரோடு, சம்பள நாளா, அவ்வளவுதான்.