அட்ரினல் பிரஷர்: லேப்ராஸ்கோப்பிக்கு முன்னும் பின்னும்

மூன்று மாத்திரை போட்டும் பிரஷர் இறங்கவில்லை, பொட்டாசியமும் அடிக்கடி குறைகிறது என்றால் சிறுநீரகத்தின் மேல் இருக்கும் அட்ரினல் சுரப்பியைச் சந்தேகிக்க வேண்டும். அது ஆல்டோஸ்டீரோன் என்ற ஹார்மோனை அளவுக்கு மீறிச் சுரந்தால் உடம்பு உப்பைப் பிடித்துவைத்து, பொட்டாசியத்தை வெளியேற்றும். ஒரு பக்கச் சுரப்பி மட்டும் காரணமென்றால், மூன்று நான்கு சிறு துளைகள் போட்டு லேப்ராஸ்கோப்பியில் எடுத்துவிடலாம். சில நாளில் வீட்டுக்கு வந்துவிடலாம். இரண்டு பக்கமும் என்றால் பெரும்பாலும் ஆல்டோஸ்டீரோனைத் தடுக்கும் ஸ்பைரனோலாக்டோன் போன்ற மாத்திரைதான். எந்தப் பக்கம் என்று கண்டறிவதுதான் இதில் கடினமான வேலை.

முதல் படி ஆல்டோஸ்டீரோன்–ரெனின் விகிதம் பார்க்கும் ரத்தப் பரிசோதனை. ரெனின் என்பது சிறுநீரகம் சுரப்பது; இந்த நோயில் ஆல்டோஸ்டீரோன் கூடி, ரெனின் குறைந்து, விகிதம் ஏறும். பெங்களூரில் அல்சூரோ ஸ்ரீராம்புரமோ, விடிந்ததும் வீட்டுக்கே ஆள் வந்து ரத்தம் எடுத்துப் போவது வழக்கம். இதற்கு அது சரிப்படாது. எழுந்து குறைந்தது 2 மணி நேரம் நடமாடி, பிறகு 5 முதல் 15 நிமிடம் உட்கார்ந்த பின்பே எடுக்க வேண்டும். ஐஸ் பெட்டியில் டிராஃபிக்கைக் கடந்து போகும் ரத்தத்தில், குளிரால் புரோரெனின் (ரெனினின் செயல்படாத முன்வடிவம்) ரெனினாக மாறும். விகிதம் பொய்யாகக் குறைந்து, நோயே இல்லை என்று ரிப்போர்ட் வரலாம். நேராக லேபுக்கே போய்விடுங்கள்.

மாத்திரைகளும் கணக்கைக் கெடுக்கும். பீட்டா பிளாக்கர் ரெனினைக் குறைத்து இல்லாத நோயைக் காட்டும். டெல்மிசார்ட்டான், ராமிப்ரில் வகைகள் ரெனினை ஏற்றி, இருக்கும் நோயை மறைக்கும். ஸ்பைரனோலாக்டோனை வழக்கமாக 4 வாரம் முன்பே நிறுத்தி, வெராபமிலோ பிராசோசினோ மாற்றித் தருவார்கள். நீங்களாக எதையும் நிறுத்தாதீர்கள். மாத்திரையோடே முதல் பரிசோதனை செய்யும் டாக்டர்களும் உண்டு. அவர்களிடம் மாத்திரைப் பட்டியலைக் கையோடு கொடுங்கள். இருமலுக்கு அதிமதுரம் மெல்லும் பழக்கம் இருந்தால் கட்டாயம் சொல்லுங்கள். அதுவே பிரஷரை ஏற்றிப் பொட்டாசியத்தைக் குறைக்கும். பொட்டாசியம் குறைவாக இருந்தால் முதலில் அதைச் சரிசெய்ய வேண்டும்.

நோய் உறுதியானதும் சிடி ஸ்கேன். அதை மட்டும் நம்பி ஆபரேஷனுக்குச் சம்மதிக்க வேண்டாம். வயதானால் ஹார்மோன் சுரக்காத வெறும் கட்டிகளும் அட்ரினலில் தென்படும்; சுரக்கும் சிறு கட்டி கண்ணில் படாமலும் போகும். தொடைச் சிரை வழியாகக் குழாய் செலுத்தி, இரண்டு அட்ரினல் சிரைகளிலிருந்தும் ரத்தம் எடுத்து ஒப்பிடுவதே நம்பகமான வழி. வலது சிரை மிகக் குட்டை, நேராகப் பெருஞ்சிரையில் சேர்கிறது. குழாய் தவறுவது பெரும்பாலும் அங்கேதான். சரியான இடத்தில்தான் எடுத்தார்களா என்பதை, அட்ரினலின் இன்னொரு ஹார்மோனான கார்டிசாலின் அளவு காட்டும். ஆகவே மருத்துவமனையைத் தேர்ந்தெடுக்கும்போது கேட்க வேண்டிய கேள்வி: வலது பக்கம் எத்தனை பேருக்குச் சரியாகக் கிடைக்கிறது? 35 வயதுக்குக் குறைந்து, பொட்டாசியமும் குறைந்து, ஒரே பக்கம் தெளிவான கட்டி இருந்தால் இந்தப் படி தேவைப்படாமல் போகலாம்.

அட்ரினல் கட்டியைத் தொடும் முன், அது ஃபியோகுரோமோசைட்டோமா (அட்ரினலின் வகை ஹார்மோன்களைச் சுரக்கும் கட்டி) இல்லை என்று, அந்த ஹார்மோன்கள் சிதைந்து வரும் மெட்டானெஃப்ரினைப் பரிசோதித்து உறுதி செய்ய வேண்டும். அதுவாக இருந்தால் 7 முதல் 14 நாள், ரத்தக் குழாய்களைத் தளர்த்தும் ஆல்ஃபா பிளாக்கர் மருந்து கொடுத்த பிறகே கத்தி. ஆல்ஃபாவுக்கு முன் பீட்டா பிளாக்கர் கொடுத்தால் பிரஷர் எகிறி உயிருக்கே ஆபத்தாகும்.

ஆல்டோஸ்டீரோன் கட்டியை எடுத்ததும் ஸ்பைரனோலாக்டோனும் பொட்டாசிய மருந்தும் நிற்கும். மிச்சமிருக்கும் சுரப்பி அதுவரை அடங்கிக் கிடந்ததால் பொட்டாசியம் திடீரென ஏறலாம். முதல் 4 வாரம் வாரா வாரம் பரிசோதியுங்கள். பார்க்க வருகிறவர்கள் கொண்டுவரும், பொட்டாசியம் நிறைந்த இளநீரை டாக்டரிடம் கேட்காமல் குடிக்க வேண்டாம். பிரஷர் மெல்லத்தான் இறங்கும், சிலருக்கு 6 மாதம்கூட ஆகும். பல ஆண்டுப் பழைய பிரஷர் என்றால் ஓரிரு மாத்திரை தொடரவும் கூடும்.