ஒரு காலனியிலிருந்து ஜெல் வரை: முதல் தடவை பிசிஆர் செய்பவர்களுக்கு

பிசிஆர் (டிஎன்ஏவின் ஒரு துண்டை ஏராளமான நகல்களாகப் பெருக்கும் முறை) எப்படி வேலை செய்கிறது என்று தேர்வில் பத்து மதிப்பெண்ணுக்குப் படத்தோடு எழுதியவர்கள்கூட, ஆய்வகத்தில் சிறு துளிகளை அளந்தெடுக்கும் பைப்பெட்டைக் கையில் கொடுத்து "1 மைக்ரோலிட்டர் எடு" என்றால் திணறிப்போவார்கள். அதில் மாட்டும் பிளாஸ்டிக் முனையான டிப்பின் நுனியில் ஏதாவது இருக்கிறதா இல்லையா என்றே தெரியாது. அதனால் எல்லாவற்றையும் கற்றுத்தர முயலாமல் ஒரே ஒரு வேலையை முதலிலிருந்து கடைசி வரை சொல்கிறேன். ஒரு பாக்டீரியா காலனியை (தட்டில் புள்ளியாக வளர்ந்த கூட்டத்தை) எடுத்து, எல்லா பாக்டீரியாவிலும் இருக்கும் 16எஸ் ஆர்ஆர்என்ஏ மரபணுவைப் பெருக்கி, டிஎன்ஏ துண்டுகளை அளவுவாரியாகப் பிரித்துக் காட்டும் ஜெல்லில் ஓட்டிப் பார்ப்பதுதான் அது. பழகுவதற்கு இ. கோலை கே-12 போன்ற தீங்கில்லாத ஆய்வக வகை போதும். கண்ட இடத்தில் துடைத்து வளர்த்த, பெயர் தெரியாத கிருமியோடு ஆரம்பிக்க வேண்டாம்.

படி 1: முதலில் தண்ணீர்

முதல் ஒரு மணி நேரம் டிஎன்ஏ பக்கமே போகாதீர்கள். பைப்பெட்டின் பொத்தானை அழுத்தினால் ஓர் இடத்தில் தடுக்கும், இன்னும் அழுத்தினால் இரண்டாவதாக ஓர் இடத்தில் தடுக்கும். எடுக்கும்போது முதல் தடுப்பு வரை அழுத்திவிட்டு, டிப்பை இரண்டு மூன்று மில்லிமீட்டர் மட்டும் திரவத்தில் வைத்து, மெதுவாக விட வேண்டும். வெளியே விடும்போதுதான் இரண்டாவது தடுப்பு வரை போக வேண்டும். இதை மாற்றிச் செய்தால் ஒவ்வொரு முறையும் கூடுதலாக எடுப்பீர்கள், ஆனால் கண்ணுக்குத் தெரியாது.

இன்னொரு பொறி, பைப்பெட்டில் தெரியும் எண். பைப்பெட்டின் பெயரில் இருக்கும் எண் அது எடுக்கக்கூடிய அதிகபட்ச மைக்ரோலிட்டர். பல மாதிரிகளில் பி20-இல் "100" என்றால் 10 மைக்ரோலிட்டர், பி200-இல் 100, பி1000-இல் 1000. ஒரே எண்ணுக்கு மூன்று அர்த்தம்! சோதித்துப் பார்க்க எளிய வழி உண்டு: நுண்தராசில் ஒரு ட்யூபை வைத்து 100 மைக்ரோலிட்டர் தண்ணீரைப் பத்து தடவை விடுங்கள், ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய 0.1 கிராம் கூட வேண்டும். ஒரு தடவை 0.09, அடுத்த தடவை 0.11 என்று வந்தால் பெரும்பாலும் பைப்பெட் சரி, கைதான் இன்னும் பழகவில்லை.

படி 2: காலனியைத் தொடுதல்

மேசையை 70 சதவீத ஆல்கஹாலால் துடையுங்கள். 95 சதவீதத்தைவிட இதுதான் நன்றாகக் கொல்லும், புரதம் குலைவதற்குத் தண்ணீரும் தேவை. கையுறையில் ஆல்கஹால் ஈரம் காயாமல் பர்னரைப் பற்றவைக்காதீர்கள்.

37 டிகிரியில் ஓர் இரவு வளர்ந்த தட்டில் தனியாக நிற்கும் ஒரு காலனியைத் தேர்ந்தெடுத்து, கிருமி நீக்கிய டிப்பால் தொட்டும் தொடாமலும் எடுத்து, 50 மைக்ரோலிட்டர் சுத்தமான தண்ணீரில் கலக்குங்கள். ஆர்வத்தில் முழுக் காலனியையும் வழித்துப் போடுவதுதான் எல்லோரும் செய்கிற தப்பு. செல்லின் கழிவுகள் அதிகமானால் என்சைம் வேலை செய்யாது, ஆகவே தண்ணீர் லேசாகக் கலங்கினாலே போதும். 95 டிகிரியில் 10 நிமிடம் வைத்து, 2 நிமிடம் சென்ட்ரிஃபியூஜில் சுற்றுங்கள். மேலே தெளிந்து நிற்கும் நீரில் டிஎன்ஏ இருக்கும். கிராம் பாசிட்டிவ் வகைகளுக்குச் செல்சுவர் தடிமன் என்பதால் இந்தக் கொதிக்கவைக்கும் வழி சில சமயம் கைகொடுக்காது.

படி 3: மாஸ்டர் மிக்ஸ் (எல்லா ட்யூபுக்கும் பொதுவான கலவை)

நான்கு ட்யூப்கள்: இரண்டு மாதிரிகள், ஏற்கெனவே வேலை செய்கிறது என்று தெரிந்த டிஎன்ஏ போட்ட ஒரு பாசிட்டிவ் கன்ட்ரோல், டிஎன்ஏவுக்குப் பதில் வெறும் தண்ணீர் போட்ட ஒரு நெகட்டிவ் கன்ட்ரோல். நான்குக்குத்தானே என்று நான்குக்குக் கலக்காதீர்கள், டிப்பில் ஒட்டியே கொஞ்சம் போய்விடும். ஐந்துக்குக் கலக்குங்கள்: 2எக்ஸ் மிக்ஸ் (என்சைமெல்லாம் சேர்ந்து இரு மடங்கு செறிவில் வரும் கலவை) 62.5 மைக்ரோலிட்டர், 10 மைக்ரோமோலார் பிரைமர்கள் (நகலெடுப்பு எங்கே தொடங்க வேண்டும் என்று காட்டும் சிறு டிஎன்ஏ துண்டுகள், இங்கே 27எஃப், 1492ஆர்) ஒவ்வொன்றும் 5, தண்ணீர் 47.5. மொத்தம் 120. ஒவ்வொரு ட்யூபிலும் 24 பிரித்து ஊற்றி, 1 மைக்ரோலிட்டர் டிஎன்ஏ சேருங்கள். எல்லாம் ஐஸ் மேல் நடக்கட்டும். நெகட்டிவ் ட்யூபில் தண்ணீரைக் கடைசியில் விடுங்கள், நடுவில் எங்காவது கறைபட்டிருந்தால் அதுவும் மாட்டிக்கொள்ளும்.

இந்த நெகட்டிவ் ட்யூபைப் பற்றி நான் கொஞ்சம் அதிகமாகவே பேசுவேன். என் முதல் பிசிஆரில், ஜெல்லின் நான்கு வரிசையிலும் டிஎன்ஏ இருப்பதைக் காட்டும் பட்டை பளிச்சென்று வந்தது, சந்தோஷத்தில் தோழிக்குப் படமெல்லாம் எடுத்து அனுப்பினேன். தண்ணீர் மட்டும் போட்ட வரிசையிலும் பட்டை இருக்கிறதே என்று அவள் கேட்ட பிறகுதான் உறைத்தது. பயன்படுத்திய டிப்பையே பொதுவான தண்ணீர் ட்யூபில் நான் முக்கியிருந்தேன். 16எஸ் எல்லா பாக்டீரியாவிலும் இருப்பதால் இந்தப் பிரைமர்கள் வந்தவர் போனவரையெல்லாம் பெருக்கிவிடும். இதில் ஒரு வேடிக்கை, டிஎன்ஏவை நகலெடுக்கும் டாக் என்சைமுக்குச் சொந்தக்காரர் 1969-இல் தாமஸ் பிராக்கும் ஹட்சன் ஃப்ரீஸும் யெல்லோஸ்டோன் வெந்நீர் ஊற்றுகளிலிருந்து விவரித்த தெர்மஸ் அக்வாட்டிகஸ் என்ற பாக்டீரியா என்றாலும், இன்று அதைப் பெரும்பாலும் இ. கோலைக்குள் வைத்துத்தான் தயாரிக்கிறார்கள். அதனால் என்சைமிலேயே துளி பாக்டீரியா டிஎன்ஏ ஒட்டிக்கொண்டு வரலாம். மெஷினில் ஓட்டும் சுற்றுகளை 40 வரை கூட்டினால் நெகட்டிவில் மங்கலாகப் பட்டை தெரிய இதுவும் ஒரு காரணம்.

படி 4: மெஷினில்

95 டிகிரியில் 5 நிமிடம். அப்புறம் 30 சுற்றுகள்: 95-இல் 30 விநாடி, 55-இல் 30 விநாடி, 72-இல் 90 விநாடி. கடைசியில் 72-இல் 5 நிமிடம். டாக் நிமிடத்துக்குச் சுமார் 1000 காரங்களை (டிஎன்ஏவின் எழுத்துகளை) சேர்க்கும், நம் துண்டு ஏறக்குறைய 1500, அதனால்தான் 90 விநாடி. இந்தக் கணக்கு புரிந்துவிட்டால் வேறு மரபணுவுக்கு இந்த நேரத்தை யாரிடமும் கேட்க வேண்டாம்.

படி 5: ஜெல்

50 மில்லிலிட்டர் 1எக்ஸ் டிஏஇ பஃபரில் 0.5 கிராம் அகரோஸ். பஃபரில்தான், வெறும் தண்ணீரில் இல்லை. தண்ணீரில் கரைத்தால் ஜெல் அழகாகவே உறையும், டிஎன்ஏதான் ஒழுங்காக ஓடாது. மைக்ரோவேவில் துகள் தெரியாமல் கரையும் வரை சூடாக்குங்கள், குலுக்கும்போது திடீரென்று பொங்கி கையைச் சுடும், கவனம். பாத்திரத்தைக் கையில் பிடிக்க முடிகிற சூட்டுக்கு வந்ததும் சாயம் கலந்து, சீப்பு வைத்து ஊற்றுங்கள். எத்திடியம் புரோமைடு என்றால் நைட்ரைல் கையுறை கட்டாயம். அது டிஎன்ஏவின் காரங்களுக்கு நடுவில் நுழைந்து உட்காரும் பொருள், உங்கள் டிஎன்ஏவையும் விட்டுவைக்காது. அதே கையுறையோடு கதவுப்பிடியைத் தொடுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு ரத்தம் கொதிக்கும்.

5 மைக்ரோலிட்டர் மாதிரியோடு 1 மைக்ரோலிட்டர் 6எக்ஸ் லோடிங் டை கலந்து குழியில் விடுங்கள். டிப்பின் நுனி குழியின் வாயில் இருந்தால் போதும், கனமான டை தானாக இறங்கும். அடிவரை குத்தினால் ஜெல் கிழியும். ஓரத்துக் குழியில் லேடர் (அளவு தெரிந்த டிஎன்ஏ துண்டுகளின் கலவை, ஒப்பிட்டுப் பார்க்க). டிஎன்ஏ எதிர்மின்னூட்டம் கொண்டது, சிவப்பு நேர்மின் முனையை நோக்கி ஓடும், ஆகவே குழிகள் கறுப்பு முனைப் பக்கம் இருக்கட்டும். மின்முனைகளின் இடைவெளியில் சென்டிமீட்டருக்கு 5 வோல்ட், அதாவது 15 சென்டிமீட்டருக்கு 75 வோல்ட். கம்பியில் குமிழி கிளம்பினால் மின்சாரம் போகிறது என்று அர்த்தம்.

படி 6: படித்தல்

முதலில் நெகட்டிவ் வரிசையைப் பாருங்கள். அதில் 1500 காரங்கள் அளவில் பட்டை இருந்தால் மற்ற வரிசைகள் எவ்வளவு அழகாக இருந்தாலும் கணக்கில்லை. தண்ணீர், பிரைமர் எல்லாம் புதிதாக எடுத்து மறுபடி செய்யுங்கள். 100-க்குக் கீழே மங்கலாக ஏதோ தெரிந்தால் அது பிரைமர்கள் ஒன்றோடொன்று ஒட்டியது, பயப்பட வேண்டாம். பாசிட்டிவிலும் ஒன்றுமில்லை என்றால் மாஸ்டர் மிக்ஸில் எதையோ விட்டுவிட்டீர்கள், இல்லையென்றால் மெஷின் நிரல் தப்பு. பாசிட்டிவ் வந்து மாதிரி மட்டும் வரவில்லை என்றால், டிஎன்ஏவைக் கூட்ட வேண்டும் என்றுதான் தோன்றும். பத்து மடங்கு நீர்த்துப் பாருங்கள், பல நேரம் அதில்தான் வரும்.

படம் எடுத்ததும் எந்த வரிசையில் என்ன என்று உடனே எழுதிவையுங்கள், நாளைக்கு ஞாபகம் இருக்காது. தட்டுகள் ஆட்டோகிளேவுக்கு, 121 டிகிரியில் குறைந்தது 15 நிமிடம். எத்திடியம் கலந்த ஜெல் அதற்கென்று வைத்த தனித் தொட்டிக்கு.