பெரியவர்களுக்கு முதல் கிட்டார்: எதை வாங்குவது, வாங்கியதை எப்படிச் சரிசெய்வது

முப்பது, நாற்பது வயதில் கிட்டார் எடுப்பவர்கள் பாதியில் விட்டால், 'விரல் வளையவில்லை' என்று தங்களையே நொந்துகொள்கிறார்கள். பெரும்பாலும் குற்றவாளி கம்பியின் உயரம்தான். அதனால் இங்கே பிராண்டுகளைவிடக் கம்பி உயரத்துக்கே அதிக இடம். கையிலிருக்கும் பணத்தில் ஐந்தில் ஒரு பங்கை செட்டப் (கம்பி உயரத்தைச் சரிசெய்யும்) வேலைக்கென்று முதலிலேயே எடுத்து வையுங்கள்.

படி 1: வகை

நைலான் கம்பி கிளாசிக்கல் கிட்டாரில் கழுத்தின் தலைப்பு அகலம் சுமார் 52 மி.மீ. ஸ்டீல் கம்பி அக்கூஸ்டிக்கில் சுமார் 43 மி.மீ. நைலான் விரலுக்கு மெத்தென்று இருக்கும், ஆனால் அகலக் கழுத்து சின்னக் கைக்குச் சிரமம். பஜனைக்குத் துணையாக வாசிப்பது, மஸ்கண்டி (ஜூலு மக்களின் கிட்டார் இசை) பாணியில் விரலால் மீட்டுவது என்றால் ஸ்டீல்தான் பொருத்தம். டிரெட்நாட் என்ற பெரிய உடல் கிட்டார் வலது தோளைத் தூக்க வைக்கும். தோள்வலி உள்ளவர்கள் கான்சர்ட் அளவு உடலை எடுத்தால் அரை மணி நேரம் நிம்மதியாக உட்காரலாம்.

கிளாசிக்கல் கிட்டாரில் ஒருபோதும் ஸ்டீல் கம்பி மாட்டாதீர்கள். ஆறு நைலான் கம்பிகளும் சேர்ந்து இழுக்கும் விசை சுமார் 40 கிலோ. ஸ்டீல் 12 செட் (அதன் மிக மெல்லிய கம்பி 0.012 அங்குலக் கனம்) 70 கிலோவுக்கு மேல் இழுக்கும். பிரிட்ஜ், அதாவது உடலில் கம்பிகளைப் பிடித்திருக்கும் மரக்கட்டை, பிய்த்துக்கொண்டு வரும்.

முழுப் பலகை மேல்தட்டின் ஒலி நன்றாக இருக்கும், காலப்போக்கில் இன்னும் திறக்கும். ஆனாலும் தென்னாப்பிரிக்காவில் கடலோர டர்பனில் முதல் கிட்டாருக்கு ஒட்டுப்பலகைத் தட்டையே நான் சொல்வேன், ஈரப்பதம் ஏறி இறங்கினாலும் அது அதிகம் அசையாது. யமஹா எஃப்310 அந்த வகை. அதன் கம்பி நீளம் 634 மி.மீ., வழக்கமான 650-ஐவிடச் சற்றுக் குறைவு என்பதால் விரல்களை அவ்வளவு விரிக்க வேண்டாம்.

படி 2: பழைய கிட்டார் என்றால்

டர்பனின் சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ் பக்கம் அடகுக் கடைகளில் நல்ல கிட்டார்கள் கிடைக்கும். ஒரு தாளைப் பிரிட்ஜின் பின்விளிம்பில் செருகிப் பாருங்கள். உள்ளே நுழைந்தால் பசை விட்டிருக்கிறது, திருப்பிக் கொடுத்துவிடுங்கள். கழுத்து உடலோடு சேரும் இடத்தில் விரிசல் இருந்தாலும் வேண்டாம். ஆறு கம்பியிலும் எல்லா ஃப்ரெட்டையும் (கழுத்தின் குறுக்கே பதித்த உலோகப் பட்டைகள்) ஒவ்வொன்றாக அழுத்தி மீட்டுங்கள். கம்பி துரு, தூசி, ட்யூனிங் திருகின் தளர்ச்சி எல்லாம் எளிதில் சரியாகும், அவற்றைக் காட்டி விலையைக் குறைக்கலாம்.

படி 3: கம்பி உயரம்

தேவையானவை: மில்லிமீட்டர் ஸ்கேல், இரண்டு ஏ4 தாள், கேப்போ (எல்லாக் கம்பியையும் ஒரே ஃப்ரெட்டில் அழுத்திப் பிடிக்கும் கவ்வி), கிட்டாரோடு வரும் ஆலன் சாவி. முதலில் கிட்டாரை ஸ்ருதிக்குக் கொண்டுவாருங்கள். தளர்ந்த கம்பியில் எடுத்த அளவு எதற்கும் உதவாது.

முதலில் கழுத்தின் வளைவு. கேப்போவை முதல் ஃப்ரெட்டில் போட்டு, கழுத்து உடலைத் தொடும் 14-ஆம் ஃப்ரெட்டில் தடித்த கம்பியை அழுத்துங்கள். 7-ஆம் ஃப்ரெட்டுக்கும் கம்பிக்கும் நடுவே இரண்டு ஏ4 தாள் கனம், அதாவது 0.2 மி.மீ., இடைவெளி போதும். அதிகமாக இருந்தால் ட்ரஸ் ராடை (கழுத்துக்குள் ஓடும் உலோகத் தண்டு) ஆலன் சாவியால் வலப்பக்கம், இடைவெளியே இல்லையென்றால் இடப்பக்கம் திருப்புங்கள். ஒரு தடவைக்குக் கால் சுற்றுக்கு மேல் வேண்டாம். மீண்டும் ஸ்ருதி சேர்த்து, அடுத்த நாள் அளந்துவிட்டுத்தான் அடுத்த கால் சுற்று. ராட் இறுகி நின்றால் பலம் கொடுக்காதீர்கள். அது உடைந்தால் கழுத்தையே பிரிக்க வேண்டிவரும்.

அடுத்தது நட். கம்பிகள் தலைப்பகுதிக்குப் போகும் இடத்தில் இருக்கும் சின்ன வெள்ளைப் பட்டை அது. எஃப் கோர்டு வராமல் அழுகிறவர்களில் பலருக்கு உண்மையான எதிரி இதுதான். விலை குறைந்த கிட்டார்களில் தொழிற்சாலை நட்டில் கம்பி அமரும் பள்ளங்களை வேண்டுமென்றே மேலாக விட்டுவிடும். ஆழமாக வெட்டினால் கம்பி இரையும், புகார் வரும். மேலாக விட்டால் யாரும் புகார் சொல்ல மாட்டார்கள், தன் விரலைத்தான் குறை சொல்வார்கள்.

சோதனை எளிது. கம்பியை 3-ஆம் ஃப்ரெட்டில் அழுத்திக்கொண்டு முதல் ஃப்ரெட்டின் மேல் பாருங்கள். மயிரிழை இடைவெளி இருக்க வேண்டும். இரண்டு ஏ4 தாளைச் சேர்த்துச் செருகினாலும் கம்பியை அசைக்காமல் போகிறது என்றால் நட் உயரம். ஆறு கம்பிக்கும் தனித்தனியாகப் பாருங்கள், பெரும்பாலும் இரண்டு மூன்றுதான் தப்பாக இருக்கும். இன்னொரு வழியும் உண்டு: முதல் ஃப்ரெட்டில் கேப்போ போட்டு, அதே எஃப் வடிவத்தை 2-ஆம் ஃப்ரெட்டில் பிடியுங்கள். அங்கே சுலபமாக ஒலித்து, கேப்போ இல்லாமல் 1-ஆம் ஃப்ரெட்டில் ஒலிக்கவில்லையென்றால் சந்தேகமே இல்லை.

இந்த வேலையை மட்டும் கிட்டார் பழுது பார்ப்பவரிடம் கொடுங்கள். ஒவ்வொரு கம்பியின் கனத்துக்கும் தனி அரம் வேண்டும். பள்ளம் தலைப்பகுதியை நோக்கிச் சரிய வேண்டும், கம்பி விரற்பலகை ஓரத்தில்தான் அமர வேண்டும். சரிவு தப்பினால் தம்புராவுக்கு ஜீவா நூல் போட்டதுபோல் திறந்த கம்பி இரையும். ஸ்ருதியும் நிற்காது.

கடைசியாக சேடில், பிரிட்ஜில் செருகியிருக்கும் பட்டை; கம்பிகள் அதன் மேல்தான் அமரும். 12-ஆம் ஃப்ரெட்டின் உச்சியிலிருந்து கம்பியின் அடிப்பாகம் வரை அளந்தால், ஸ்டீல் கிட்டாரில் தடித்த கம்பிக்கு 2.5 மி.மீ., மெல்லிய கம்பிக்கு 2 மி.மீ. வசதி. கிளாசிக்கலுக்கு 4, 3. 12-ஆம் ஃப்ரெட் கம்பி நீளத்தின் நடுப்பகுதி என்பதால், அங்கே 0.5 மி.மீ. குறைக்க சேடிலில் 1 மி.மீ. தேய்க்க வேண்டும். பென்சிலால் கோடு போட்டு, 120 எண் உப்புத்தாளைக் கண்ணாடி மேல் விரித்து, அடிப்பாகத்தைத் தேயுங்கள். மேல்பக்கத்தைத் தொடாதீர்கள், அங்கே இருக்கும் வளைவும் சரிவும் ஸ்ருதிக்காகச் செய்தவை. அடிப்பாகம் கோணலானால், பிக்கப் உள்ள கிட்டாரில் இரண்டு கம்பிகள் மட்டும் ஆம்ப்ளிஃபையரில் மெலிந்து கேட்கும். பிரிட்ஜுக்கு மேலே சேடில் 2 மி.மீ.கூட நிற்காது என்றால் தேய்க்க வேண்டாம். கம்பி அதை அழுத்தும் கோணம் குறைந்து ஒலி செத்துப்போகும்.

படி 4: கூடச் சேர வேண்டியவை

கம்பி: 11 செட்டில் ஆரம்பியுங்கள், 12 வேண்டாம். டர்பன் கடற்கரைப் பக்கம் உப்புக்காற்று சாதாரண வெண்கலக் கம்பியைச் சீக்கிரம் கறுக்க வைக்கும், பூச்சுள்ள கம்பிக்குக் கூடுதல் காசு கொடுப்பது நியாயம். பிக் (கம்பியை மீட்டும் சில்லு) 0.73 மி.மீ.

ட்யூனர்: தலைப்பகுதியில் கவ்வும் வகை. அதிர்வைப் பிடிப்பதால் வீட்டுச் சத்தம் அதைத் தொந்தரவு செய்யாது. புரட்டாசி சனிக்கிழமை பஜனையில் வாசிப்பவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். பழைய ஆர்மோனியங்கள் 440 ஹெர்ட்ஸில் (6 கட்டை, அதாவது ஏ சுரத்தின் பொது அளவு) நிற்பதில்லை. 6 கட்டை சுரத்தை அழுத்திப் பிடித்து, ஃபோனில் ட்யூனர் செயலி எத்தனை ஹெர்ட்ஸ் காட்டுகிறது என்று பாருங்கள். 443 என்றால் உங்கள் ட்யூனரையும் 443-க்கு மாற்றிவிட்டுச் ஸ்ருதி சேருங்கள்.

கேப்போ இல்லாமல் பஜனைக்குப் போகவே வேண்டாம். 1½ கட்டைக்கு முதல் ஃப்ரெட்டில் போட்டு சி வடிவம். 2½ கட்டைக்கு அதே இடத்தில் டி வடிவம், அல்லது 3-ஆம் ஃப்ரெட்டில் சி வடிவம். 4½ கட்டைக்கு 2-ஆம் ஃப்ரெட்டில் இ வடிவம். 5½ கட்டைக்கு முதல் ஃப்ரெட்டில் ஜி வடிவம். திருகு வைத்த கேப்போவே நல்லது. ஸ்பிரிங் வகை அதிகமாக அழுத்திச் ஸ்ருதியை ஏற்றிவிடும்.

எலக்ட்ரிக் வாங்குபவர்களுக்கு: வீட்டுக்கு 10 வாட் ஆம்ப் தாராளம். பேட்டரியிலும் ஓடும் வகையாகப் பாருங்கள், மின்வெட்டு நேரத்தில் பழக்கம் தடைபடாது. வெளிநாட்டிலிருந்து உறவினர் கொண்டுவரும் அடாப்டரில் 100–240 வோல்ட் என்று அச்சிட்டிருக்கிறதா என்று படித்துவிட்டுச் செருகுங்கள். 110 மட்டும் என்றால் நம் 230-இல் எரிந்துவிடும்.

பின்னர் சேர்த்தது: டர்பனிலிருந்து லெனேஷியாவுக்கு

என்3 சாலையில் கிட்டாரோடு மேட்டுக்கு, ஜோகன்னஸ்பர்க் அருகே உள்ள லெனேஷியா பக்கம், போகிறவர்களுக்கு இது தெரிந்திருக்க வேண்டும். டர்பன் கோடையில் மரம் ஈரத்தை உறிஞ்சி மேல்தட்டு உப்பும், கம்பி உயரும். ஜோகன்னஸ்பர்க்கில் ஜூலை மாத வறட்சியில் தட்டு உள்வாங்கும், கம்பி தாழ்ந்து இரையும், ஃப்ரெட் முனைகள் கழுத்தோரம் நீட்டிக் கையைக் கீறும். உடனே அரம் எடுக்காதீர்கள். ஈரப்பதம் 45 முதல் 55 சதவீதம் வரை இருக்க வேண்டும். துளையிட்ட சோப்புப் பெட்டியில் நனைத்துப் பிழிந்த ஸ்பாஞ்சை வைத்து, ஒரு சின்ன ஈரப்பத மானியோடு கிட்டார் பெட்டிக்குள் போட்டு இரண்டு வாரம் மூடி வையுங்கள். பெரும்பாலும் ஃப்ரெட் முனைகள் தானாகவே உள்ளே போய்விடும். டர்பனில் அதே பெட்டிக்குள் சிலிகா ஜெல் பொட்டலம். வழியில் எங்கே நிறுத்தினாலும் காரின் டிக்கியில் கிட்டாரை வெயிலில் விடாதீர்கள், டிசம்பர் சூட்டில் பிரிட்ஜ் பசை இளகும்.