சீலியாக் இருக்கும் பிள்ளைகள் வீட்டில் நடக்கும் தவறுகள்

சீலியாக் என்பது கோதுமை சேராத ஒரு குடல் நோய். புரோட்டா, சப்பாத்தி, பிஸ்கட், கேக் கூடாது என்று டாக்டரே சொல்லிவிடுவார். ரவையும் சேமியாவும் கோதுமைதான் என்பது ஒரு வாரத்தில் தெரிந்துவிடும். அதையெல்லாம் இங்கே எழுதப்போவதில்லை.

பள்ளியில் படிக்கும்போதே எனக்குச் சீலியாக் என்று தெரிந்துவிட்டது. வளர்ந்தது தண்டையார்பேட்டையில். இப்போது ராயபுரம், வண்ணாரப்பேட்டை, திருவொற்றியூர் பக்கம் யாராவது பிள்ளைக்கு இந்த நோய் தெரியவந்தால், தெரிந்தவர்கள் மூலம் அந்த அம்மாக்கள் என்னிடம் பேசுகிறார்கள். எங்கள் வீட்டில் நடந்த அதே தவறுகளைத்தான் அங்கேயும் பார்க்கிறேன். வட இந்தியாவோடு ஒப்பிட்டால் நம் பக்கம் இந்த நோய் மிகக் குறைவு. பக்கத்து வீட்டில் கேட்டுத் தெரிந்துகொள்ள ஆள் கிடையாது. அதனால் எழுதுகிறேன்.

பரிசோதனைக்கு முன்பே கோதுமையை நிறுத்துவது

"ஒரு மாசம் கோதுமையை நிறுத்திப் பாரு, சரியாயிடும்" என்று சொந்தக்காரர்கள் சொல்வார்கள். நல்ல எண்ணத்தில்தான் சொல்கிறார்கள். ஆனாலும் நிறுத்தாதீர்கள். கோதுமை, பார்லி, ரை இந்த மூன்று தானியங்களிலும் இருக்கும் குளூட்டன் என்ற புரதம் உள்ளே போனால், சீலியாக் உள்ளவரின் எதிர்ப்புச் சக்தி தன் சிறுகுடலையே தாக்குகிறது. டி.டி.ஜி. என்ற ரத்தப் பரிசோதனை அந்தத் தாக்குதலின் தடயத்தைத் தேடுகிறது. எண்டோஸ்கோப்பியில் எடுக்கும் சதைத் துணுக்கில் குடலின் சேதம் தெரியும். கோதுமையை நிறுத்திவிட்டால் இரண்டும் மெல்ல மறைந்து, ரிப்போர்ட் நார்மல் என்று வந்துவிடக்கூடும். அப்புறம் நோயை உறுதிசெய்ய வாரக்கணக்கில் மறுபடியும் கோதுமை சாப்பிடச் சொல்வார்கள். கொஞ்சம் தேறிய பிள்ளையைத் திரும்பவும் வயிற்று வலிக்குள் தள்ளுவது பெரிய கொடுமை.

பெருங்காயம்

எத்தனை பேரிடம் சொன்னாலும் இந்த விஷயத்தில் எனக்குக் கோபம் குறைவதில்லை.

நமக்குத் தினமும் சோறு, சாம்பார், ரசம். அதனால் சப்பாத்தியை மட்டும் நிறுத்தினால் வேலை முடிந்தது என்று எல்லா வீட்டிலும் நினைக்கிறார்கள். அந்தச் சாம்பாரில்தான் கோதுமை இருக்கிறது. பெருங்காயம் என்பது ஆப்கானிஸ்தான், ஈரான் பக்கம் விளையும் ஒரு செடியின் வேரிலிருந்து எடுக்கும் பிசின். அந்த வீரியத்தோடு அப்படியே சமையலில் போட முடியாது என்பதால் கோந்தும் மாவும் கலந்துதான் பெரும்பாலும் விற்கிறார்கள். சில கம்பெனிகள் அரிசி மாவு கலக்கின்றன. நிறைய பேர் கலப்பது கோதுமை மாவு அல்லது மைதா. தூள், கட்டி இரண்டிலும் இது உண்டு. டப்பாவைத் திருப்பிப் பாருங்கள். எது எடையில் அதிகமோ அதைத்தான் பட்டியலில் முதலில் போட வேண்டும் என்பது விதி. பல டப்பாக்களில் மாவின் பெயர் பெருங்காயத்துக்கு முன்னால் நிற்கும்.

"ஒரு சிட்டிகைதானே" என்று கேட்பார்கள். ஒரு கிராம் மைதாவில் ஏறக்குறைய 80 மில்லிகிராம் குளூட்டன் இருக்கும். சீலியாக் உள்ளவர்களில் பெரும்பாலானோருக்கு ஒரு நாளைக்கு 10 மில்லிகிராம் வரை தாங்கும் என்கிறார்கள். தினமும் 50 போனால் குடல் கெடும். காலையில் இட்லிப் பொடி, மதியம் சாம்பார், ரசம், ஊறுகாய், ராத்திரி தாளித்த மோர். கை தாராளமாக இருக்கும் வீட்டில் கூட்டிப் பாருங்கள்.

எனக்கு நடந்தது இதுதான். கோதுமையை அடியோடு நிறுத்தி மாதங்கள் ஆகியும் டி.டி.ஜி. இறங்கவில்லை. ரத்தசோகையும் தீரவில்லை. அப்போது பார்த்த டாக்டர் என் அம்மாவிடம், "பையன் வெளியில சாப்பிடறான், கவனிங்க" என்று சொல்லிவிட்டார். அன்றிலிருந்து அம்மா என் பையைத் தேட ஆரம்பித்தார். கைச்செலவுக்குக் கொடுத்த காசு நின்றது. கடற்கரை ஸ்டேஷன் பக்கம் நண்பர்களோடு நின்றதை யாரோ பார்த்துச் சொல்ல, நான் அத்தோ என்ற பர்மா நூடுல்ஸ் சாப்பிட்டேன் என்று அப்பா முடிவே கட்டிவிட்டார். நான் சாப்பிடவில்லை. சொன்னதை நம்பத்தான் ஆள் இல்லை. கடைசியில் ஒரு டயட்டீஷியன், "சமையல்கட்டுல இருக்கற டப்பா, பாக்கெட் எல்லாத்தையும் பையில போட்டுக் கொண்டுவாங்க" என்றார். மிளகாய்த்தூளை வைத்தார், புளியை வைத்தார், பெருங்காய டப்பாவை மட்டும் கையிலேயே வைத்துக்கொண்டு பின்பக்கம் படித்துக் காட்டினார். அம்மா அங்கேயே அழுதுவிட்டார்.

இப்போது காசிமேட்டில் பிளஸ் டூ படிக்கும் ஒரு பெண்ணின் வீட்டில் அதே கதை. அவள் போனில் பணம் போன கணக்கை எடுத்து வைத்துக்கொண்டு விசாரிக்கிறார்கள். தயவுசெய்து பிள்ளையைச் சந்தேகப்படுவதற்கு முன்னால் சமையல்கட்டைச் சந்தேகப்படுங்கள். குடல் ஆறிவிடும். வீட்டில் நம்மை யாரும் நம்பவில்லை என்பது அந்த வயதில் அவ்வளவு லேசில் ஆறாது. இன்னொன்று: எல்லாம் சரியாக இருந்தாலும் டி.டி.ஜி. இறங்கப் பல மாதங்கள், சிலருக்கு ஒரு வருஷத்துக்கு மேலும் ஆகும். மெதுவாக இறங்குகிறது என்பதற்காகப் பிள்ளை திருடித் தின்கிறது என்று ஆகாது.

என்ன செய்யலாம்? அரிசி மாவு கலந்தது, குளூட்டன் இல்லாதது என்று அச்சடித்த பெருங்காயம் கிடைக்கிறது. அப்படி அச்சடிக்க வேண்டுமென்றால் கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் குளூட்டன் இருக்கக்கூடாது. கிடைக்காத நாளில் பூண்டும் சீரகமும் போதும். பழைய டப்பாவை வீட்டை விட்டே அனுப்பிவிடுங்கள். கடையில் வாங்கும் ஊறுகாய், பொடி, முறுக்கு, கல்யாண வீட்டுச் சாம்பார், கோயில் புளியோதரை எல்லாவற்றிலும் இதே கேள்வியைக் கேட்க வேண்டும்.

மாவு மில்

கேழ்வரகு, கம்பு, சோளம், தினை எதிலும் குளூட்டன் இல்லை. ஆனால் தெரு முனை மில்லில் நமக்கு முன்னால் யாரோ கோதுமை அரைத்திருப்பார்கள். அந்த மாவு இயந்திரத்துக்குள் தங்கி நம் மாவோடு சேர்ந்து வரும். ஆடி மாதக் கூழும் இதனால்தான் ஆபத்து. கேழ்வரகைக் குறை சொல்ல முடியாது. கேழ்வரகை வாங்கிக் கல், மண், கோதுமை மணி பொறுக்கி, வீட்டு மிக்சியில் அரைத்துச் சலித்துக்கொள்ளுங்கள். வேலைதான். வேறு வழி எனக்குத் தெரிந்து இல்லை.

அத்தோ

அந்த நூடுல்ஸ் மைதா. வேண்டாம்.

மால்ட் பானங்கள்

மால்ட் என்றால் பொதுவாக முளைகட்டிய பார்லி. வேண்டாம்.

ஓட்டல் தோசை

புரோட்டா போட்ட கல்லில் போட்டால் அது உங்களுக்கான தோசை இல்லை. இட்லி, இடியாப்பம் வாங்குங்கள். சட்னித் தாளிப்பில் பெருங்காயம் உண்டா என்று கேளுங்கள்.

நற்கருணை அப்பம்

அதுவும் கோதுமைதான். குளூட்டன் அறவே இல்லாத அப்பத்தைக் கத்தோலிக்கத் திருச்சபை ஏற்பதில்லை. குளூட்டன் மிகக் குறைவான அப்பம் செல்லும், அதுவும் முடியாதவர்கள் திராட்சை ரசம் மட்டும் வாங்கிக்கொள்ளலாம் என்று வத்திக்கான் 2003-லேயே எழுதிவிட்டது. பூசைக்கு முன்னால் ஃபாதரிடம் பேசுங்கள். முதல் நன்மை வாங்கும் பிள்ளை என்றால் முன்கூட்டியே பேசுங்கள்.

"சாப்பிட்டேன், ஒண்ணும் ஆகலையே"

கல்லூரிக்குப் போனதும் எல்லாரும் சொல்வது இது. பிறந்தநாள் கேக்கில் ஒரு வாய், வயிறு வலிக்கவில்லை, அடுத்த வாரம் இன்னொரு வாய். சிலருக்கு எந்த அறிகுறியும் இல்லாமலே குடல் கெடும். இரும்புச்சத்து குறையும், எலும்பு பலம் பெற வேண்டிய வயதில் கால்சியம் சேராமல் போகும். நண்பர்களிடம் முதல் வாரமே விஷயத்தைச் சொல்லிவிடுங்கள். பிறகு அவர்களே கேக்கோடு ஒரு கடலை மிட்டாயும் வாங்கி வருவார்கள். என் நண்பர்கள் இன்றும் அப்படித்தான்.

தம்பி, தங்கையை விட்டுவிடுவது

ஒருவருக்கு இருந்தால் அப்பா, அம்மா, கூடப்பிறந்தவர்களுக்கும் இருக்க வாய்ப்பு உண்டு. பத்தில் ஒருவர் என்ற அளவில் சொல்கிறார்கள். அறிகுறி இல்லாவிட்டாலும் அவர்களுக்கும் டி.டி.ஜி. எடுத்துப் பாருங்கள். இப்போது இல்லை என்று வந்தாலும் பின்னால் வரலாம், அதனால் மறுபடி எப்போது பார்க்க வேண்டும் என்பதையும் டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.