நண்பரிடம் சிக்கிய பணம்: முதலில் ஒரு வட்ஸ்அப் செய்தி

கொழும்பு வெள்ளவத்தையில் பக்கத்து அறையில் இருந்த நண்பனுக்கு 80,000 ரூபாய் கைமாற்றாகக் கொடுத்தேன். தாயாரின் சிகிச்சைக்கு என்றான். அது பொய் என்று பிறகுதான் தெரிந்தது. மனம் கொதித்தாலும் சண்டை பிடிக்காமல் இருந்தது நல்லதாய்ப் போயிற்று.

என்னிடம் எழுத்து எதுவும் இல்லை. அதனால் சாதாரணமாக ஒரு செய்தி அனுப்பினேன்: "மச்சான், மார்ச் 5ஆம் திகதி நான் கடனாகத் தந்த 80,000 ரூபாயை எப்போது தருவாய்?" தொகை, திகதி, கடன் என்ற சொல் மூன்றும் அதில் இருக்க வேண்டும். "அடுத்த மாசம் தாறன்" என்று பதில் வந்தது. கடனை ஒப்புக்கொண்ட அந்த வரிதான் கையில் இருந்த பெரிய சான்று. அதை அழிக்காதீர்கள், போனை மாற்றினாலும் பத்திரப்படுத்துங்கள். வங்கியில் அனுப்பியிருந்தால் கணக்குக் கூற்றையும் எடுத்து வையுங்கள்.

அப்புறம் சட்டத்தரணி மூலம் பதிவுத் தபாலில் கோரிக்கைக் கடிதம். பலர் இதிலேயே இறங்கி வருவார்கள். இல்லாவிட்டால், பிணக்குகளைப் பேசித் தீர்த்து வைக்கும் மத்தியஸ்த சபை. சிறிய தொகைகளுக்கு அங்கே போகாமல் புதுக்கடை நீதிமன்றத்துக்கு நேரே போக முடியாது. சபையில் சட்டத்தரணி தேவையில்லை, நீங்களே பேசலாம். எனக்கு அங்கேதான் தவணை முறையில் பணம் கிடைத்தது.

காலத்தை மட்டும் விட்டுவிடாதீர்கள். எழுத்தில்லாத கடனுக்கு 3 வருடத்துக்குள் வழக்குப் போட வேண்டும், எழுத்து ஒப்பந்தம் இருந்தால் 6 வருடம்.