ஸ்பிட்டி பள்ளத்தாக்கு: கோடைப் பயணத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு விடுமுறை மே மாதம். மணாலியிலிருந்து இமாசலப் பிரதேசத்தின் ஸ்பிட்டிக்குப் போகும் பாதையோ பெரும்பாலும் ஜூனில்தான் சரியாகத் திறக்கிறது. வழியில் இருக்கும் குன்சும் கணவாய் 4,500 மீட்டருக்கும் மேலே. அங்கே பனியை வெட்டி வழிவிடும் நாள் ஆண்டுக்கு ஆண்டு மாறும். இதை விசாரிக்காமல் மே மாதத்துக்கு எல்லா டிக்கெட்டும் போட்டுவிடுவது முதல் தவறு. மே மாதம்தான் லீவு என்றால் சிம்லா, கின்னௌர் வழியாகப் போங்கள். தாபோ, தன்கர், ஸ்பிட்டியின் முக்கிய ஊரான காஸா, கீ மடம் எல்லாம் அந்த வழியிலேயே பார்த்துவிடலாம். குன்சும் பக்கம் இருக்கும் சந்திரதால் ஏரியை மட்டும் இன்னொரு முறைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

ஜூன், ஜூலையில் போகிறவர்கள் செய்யும் தவறு உயிருக்கே ஆபத்தானது. 2020 அக்டோபரில் அடல் சுரங்கப்பாதை திறந்த பிறகு, ரோதாங் கணவாயில் ஏறி இறங்கும் நேரம் மிச்சமாகிவிட்டது. அதனால் காலையில் மணாலியில் கிளம்பி, முதல் இரவே சந்திரதால் கூடாரத்தில் தங்கும்படி பலர் திட்டம் போடுகிறார்கள். டூர் ஏற்பாடு செய்பவர்களில் சிலரும் இதைத்தான் விற்கிறார்கள். மணாலி சுமார் 2,000 மீட்டர் உயரம். சந்திரதால் 4,250 மீட்டரை ஒட்டியது. 3,000 மீட்டரைத் தாண்டிய பிறகு, படுத்துத் தூங்கும் இடத்தின் உயரத்தை ஓர் இரவுக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டக்கூடாது என்பது மருத்துவர்கள் சொல்லும் பொதுக்கணக்கு. இந்தத் திட்டம் அதைப் பல மடங்கு மீறுகிறது.

காஸாவிலேயே ஒரு மூச்சில் கிடைக்கும் பிராணவாயு கடலோரத்தில் கிடைப்பதில் மூன்றில் இரண்டு பங்குதான் தேறும். சந்திரதாலில் இன்னும் குறைவு. வந்து இறங்கியதும் உடம்பு இதைக் காட்டிக்கொடுக்காது. பகலெல்லாம் ஓடியாடிப் படம் எடுத்தவருக்கு நடுராத்திரியில் தலை பிளக்கும், வாந்தி வரும், தூக்கம் போய்விடும். ஜிம் போகிற இளைஞர் என்பதெல்லாம் இதற்குக் கணக்கில்லை. உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினால், இருமல் விடாமல் வந்தால், நடை தள்ளாடினால், பேச்சு குழறினால் நுரையீரலிலோ மூளையிலோ நீர் கோத்திருக்கலாம். உடனே கீழே இறங்க வேண்டும். விடியட்டும் என்று காத்திருக்கக்கூடாது. சந்திரதாலில் அதுதான் கஷ்டம். போன் சிக்னலை நம்ப முடியாது, கல்லும் நீரோடையுமான பாதை, இருட்டு. மருத்துவமனையோ பல மணி நேரப் பயணத்துக்கு அப்பால்.

இதற்கு வழி எளிது. சிம்லா பக்கமாக ஏறி, மணாலி பக்கமாக இறங்குங்கள். கல்பா, நாகோ, தாபோ என்று தங்கித் தங்கி காஸா சேர்ந்து, அங்கே இரண்டு இரவாவது இருந்துவிட்டு, சந்திரதாலைக் கடைசியில் வையுங்கள். காஸா சேர்ந்த அன்றே 4,400 மீட்டரைத் தாண்டிய லாங்சா, ஹிக்கிம், கோமிக் கிராமங்களுக்கு ஓடாதீர்கள். கையடக்க ஆக்ஸிஜன் டப்பா சில நிமிட ஆறுதல்தான். அதை உறிஞ்சிவிட்டு ‘சரியாகிவிட்டது’ என்று மேலேயே தங்குவது, டப்பாவே இல்லாமல் இருப்பதைவிட மோசம். மலையுயர நோய்க்கான டயமாக்ஸ் மாத்திரையை நண்பர் சொன்னார் என்று போடாதீர்கள். சல்ஃபா மருந்து ஒவ்வாதவர்களுக்கு அது ஆகாமல் போகலாம். கிளம்பும் முன் மருத்துவரைப் பாருங்கள். முதல் சில இரவுகளுக்கு மதுவும் தூக்க மாத்திரையும் கூடவே கூடாது.

அடுத்தது, தாமதமாகக் கிளம்புவது. மணாலி வழியில், கிராம்பு என்ற இடத்துக்கும் பாதலுக்கும் இடையே ரோட்டின் குறுக்கே ஓடும் நாலாக்களில் (மலை ஓடைகளில்) வருவது பனி உருகிய நீர். காலையில் கணுக்கால் அளவு இருக்கும் நாலா, வெயில் ஏற ஏறப் பெருகி, பிற்பகலில் காரை நிறுத்திவிடும். விடியும்போதே கிளம்புங்கள். நாலாவின் முன்னால் நின்று, முதலில் ஒரு லோக்கல் வண்டி கடப்பதைப் பாருங்கள். கிராம்பு தாண்டினால் காஸா வரை பெட்ரோல் பங்க் கிடையாது என்பதையும் நினைவில் வையுங்கள்.

ஸ்பிட்டி மழைமறைவுப் பிரதேசம், ஆகவே பருவமழைக்குப் பயப்பட வேண்டாம் என்று பலர் எழுதுகிறார்கள். பாதி உண்மை. ஸ்பிட்டிக்குப் போகும் இரண்டு வழிகளும் மழைபெறும் மலைகளின் ஊடாகத்தான் போகின்றன. 2021 ஆகஸ்டில் கின்னௌரின் நிகுல்சாரியில் மலை சரிந்து 28 பேர் இறந்தது, சிம்லாவிலிருந்து ஸ்பிட்டிக்குப் போகிற அதே நெடுஞ்சாலையில். 2023 ஜூலையில் மழையும் பனியும் சேர்ந்து வந்து ஏறத்தாழ 300 பயணிகள் சந்திரதாலில் பல நாள் சிக்கி, பிறகு மீட்கப்பட்டார்கள். ஜூலையில் பனி!

“நாம் பார்க்காத வெயிலா?” என்று தொப்பியில்லாமல் போவார்கள். காற்று குளிர்ந்திருப்பதால் சுடுவது தெரியாது. புற ஊதாக் கதிரோ ஆயிரம் மீட்டருக்குச் சுமார் 10 சதவீதம் கூடுகிறது. கண்ணாடி, சன்ஸ்கிரீன், உதட்டுக்கு பாம் மூன்றும் வேண்டும். இரவுக்கு நல்ல ஜாக்கெட்டும்.

என்னை அதிகம் வருத்துவது தண்ணீர் விஷயம். அந்தக் கிராமங்களின் பட்டாணி, பார்லி வயல்கள் எல்லாம் பனிநீர் கொண்டுவரும் வாய்க்கால்களை நம்பியவை. குளிர்காலத்தில் பனி குறைந்தால் கோடையில் வாய்க்கால் வறளும். நாம் கூட்டமாகப் போவதும் அதே மாதங்களில்தான். தினமும் இரண்டு வேளை ஷவர் கேட்பது, ஃபிளஷ் கழிப்பறைதான் வேண்டும் என்று அடம்பிடிப்பது அந்த வயலிலிருந்து எடுப்பதற்குச் சமம். ஹோம்ஸ்டேயில் உலர் கழிப்பறை இருந்தால் தண்ணீர் ஊற்றாமல், வைத்திருக்கும் மண்ணை அள்ளிப் போடுங்கள். அது மக்கி வயலுக்கு எருவாகப் போகிறது. நீர் சேர்ந்தால் கெட்டுவிடும். பாட்டில் தண்ணீர் வாங்கிக் குவிக்காமல், வீட்டில் காய்ச்சிய நீரைக் கேட்டு நிரப்பிக்கொள்ளுங்கள்.

லாங்சாவில் பழங்காலக் கடலுயிர்களின் புதைபடிவங்களைப் பிள்ளைகள் கையில் வைத்து நீட்டுவார்கள். வாங்காதீர்கள், வாங்க வாங்கத் தோண்டல் கூடும். 996இல் நிறுவப்பட்ட தாபோ மடத்தின் உள்ளே படம் எடுக்க அனுமதியில்லை. சந்திரதால் கரையில் கூடாரம் போடவும் கூடாது.

கையில் ரொக்கம் வையுங்கள். சிக்னல் இல்லாத ஊரில் ஜிபே வேலை செய்யாது. திரும்பும் ரயிலையோ விமானத்தையோ, மணாலியில் இறங்கும் நாளிலிருந்து குறைந்தது இரண்டு நாள் தள்ளிப் பதிவு செய்யுங்கள். சாலை அடைபட்டால், ‘நாளைக்கு ஃபிளைட்’ என்று டிரைவரை அவசரப்படுத்தாமல் காஸாவிலேயே தங்க அந்த இரண்டு நாள் போதும்.